கடல் மேல் போட்ட பழி

பழவேற்காட்டுக் கரையில் சற்று நேரம்தான் நின்றேன். மூக்குக் கண்ணாடியில் படலம் படிந்துவிட்டது. துடைத்தால் இன்னும் பரவுகிறது. வெறும் உப்பு இப்படி வழுக்காது என்பாய் நீ. கடலில் செத்த நுண்பாசியின் கொழுப்பும் அதில் இருக்கிறதாம். பிறருக்குக் கடற்கரையில் கவிதை தோன்றும். உன்னோடு பழகியதால் எனக்கு இதுதான் தோன்றுகிறது.

இதே கரையில் ஒருமுறை நுரையை அள்ளிக் காட்டினாய். "பாருப்பா, அலை உடையசொல்ல காத்து உள்ள பூந்து குமிழியாவுது. மேல வர்ற வழியில கெடக்குற மக்குனதையெல்லாம் ஒட்டிக்கினு வருது. பட்டுனு வெடிச்சா அத்தினியும் காத்துல." பிறகு மணிக்கட்டை நக்கிப் பார்த்தாய். "உப்பு. கடல் எங்க போனாலும் கையெழுத்து போட்டுட்டுத்தான் போவும்."

காக்களூரில் நாம் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்திலிருந்து கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றுக்குப் போனோம். மொட்டைமாடியில் காற்றை உறிஞ்சும் கருவியை வைத்தோம். கருவியின் வடிதாளில், மக்கிய பொருளிலிருந்து வரும் கார்பன் எக்கச்சக்கம். தொழிற்சாலை மேலாளர் கலங்கவில்லை. முந்தைய வருடம் அவருடைய ஆட்களுக்கு நீ எடுத்த வகுப்பில் முன்வரிசையில் இருந்தவர் அவர். உன் பாடத்தை அவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை.

"இன்னா மேடம், கடல்லேர்ந்து கார்பன் காத்துல ஏறுதுன்னு நீங்கதான சொன்னீங்க? கடல் இங்கேர்ந்து எம்மாந் தூரம்? அதையே ஒரு வரி எழுதிடுங்க. சயின்ஸுதான?"

மாடிக்குக் கீழே கழிவுநீர்த் தொட்டி. மோட்டார் காற்றை ஊத ஊத, விளிம்புவரை நுரை. பெருக்கும் பெண்கள் அதன் நிழலில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். செல்வி என்பவள் இருமிக்கொண்டே சொன்னாள்: "கடக்காத்து எனுக்கு ஒத்துக்கலையாம் மேடம். சார்தான் சொன்னாரு. பொறந்ததே பழவேற்காடு, அங்க இருந்தப்ப ஒத்துக்கிச்சு."

நீ நுரையைப் பார்த்தாய். மணிக்கட்டை நக்கினாய். அந்தத் தொட்டியருகே நின்று அப்படிச் செய்த ஒரே ஆள் நீதான். உன் முகம் மாறியது. "உப்பே இல்லப்பா."

கருவியைக் கிழக்குச் சுவரோரம், கடற்காற்று முதலில் வந்து மோதும் இடத்துக்கு மாற்றினாய். உப்பு இரண்டு இடத்திலும் ஒரே அளவு, மிகக் கொஞ்சம். கார்பன் மட்டும் தொட்டிப் பக்கம்தான் குவிந்திருந்தது.

அறிக்கையோடு மேலாளர் அறையில் உட்கார்ந்தோம். அவர் டீயை உன் பக்கம் நகர்த்தினார். நம் முதலாளியிடமிருந்து போன் வந்தது. நீ ஸ்பீக்கரில் போட்டாய்.

"கடல் வந்து நம்ம மேல கேஸ் போடாதும்மா. அந்த ஒரு வரிய எழுதிட்டு வா. இல்லாங்காட்டி நாளைக்கு வராத."

உன் வீட்டில் சம்பாதித்தவள் நீ ஒருத்தி. அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். பேனா தாளைத் தொட்டபடி நின்றது. வெளியே செல்வியின் இருமல். நான் உன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதினாய்: 'இதில் கடலின் பங்கு சொற்பம். மிச்சம் தொட்டி நுரை.' கையெழுத்தும் போட்டாய். மேலாளர் இருமுறை படித்தார். பிறகு டீயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் உனக்கு வேலை இல்லை. சில மாதங்களில் தொட்டிக்கு மூடி வந்தது. வளாகம் அழகாக இருக்கவேண்டும் என்பதற்காகவாம். செல்வி போனில் சொன்னபோது நீ கேட்டது இவ்வளவுதான்: "அழகாகீதா? அப்ப சரி."

போன மழைக்காலத்தில் நீ இறந்துபோனாய். கூடத்தில் உன் இடத்துக்கு வந்தவர்கள் மூச்சுவிடும் நேரத்தில் அறிக்கை முடிக்கிறார்கள். நான் மட்டும் எந்த மாடியில் ஏறினாலும், யாரும் பார்க்காதபோது மணிக்கட்டை நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன்.

நாளை தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக்குப் போகிறேன்; கும்மிடிப்பூண்டியைவிடக் கடலுக்கு இன்னும் தூரம். கருவியை இன்னும் வண்டியில் ஏற்றவில்லை. அதற்குள் முதலாளியின் போன் வந்துவிட்டது. அங்கேயும் கடல்தான் காரணமாம்.

மணிக்கட்டைக் கழுவி வைத்திருக்கிறேன்.