தகரத்தில் வரைந்த நீச்சல் குளம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, ஆனால் என்னைத் திட்டுகிற குரலில் ஒரு குறையும் இல்லை. நீ போனில் அழுததிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. பாஷை தெரியாத ஊரில் இன்ஜினியராக நின்று நீ பார்த்துப் பார்த்துக் கட்டிய கட்டடத்தைக் கம்பெனி பாதியில் கைவிட்டதையும், தோண்டியது தோண்டியபடி கிடக்கட்டும், மாசக் கடைசிக்குள் வேறு ஊருக்குக் கிளம்பு என்று உன்னிடம் சொன்னதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்பா ஏன் ஒன்றுமே பேசவில்லை என்று அம்மாவிடம் கேட்டாயாம். அன்று காலையில்தான் இங்கே ஒன்று நடந்திருந்தது, உன் அழுகையோடு அதையும் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை.

நீ இங்கே இருந்தபோதே பக்கத்து மனையில் அடுக்குமாடி வருகிறது என்று தோண்டினார்களே, அது இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. நாலைந்து தூண் நிற்கிறது, கம்பியெல்லாம் துருப்பிடித்து வானத்தைப் பார்க்கிறது. கட்டடம் வரவில்லை, பெயர் மட்டும் வந்துவிட்டது. பஸ் கண்டக்டர் நம் நிறுத்தத்தை அந்த அடுக்குமாடியின் பெயரைச் சொல்லித்தான் கூவுகிறான். காலமெல்லாம் டிக்கெட் கிழித்தவன் நான், இல்லாத இடத்துக்கு ஒரு நாளும் டிக்கெட் கொடுத்ததில்லை, பொறுக்க முடியாமல் அவனிடம் கேட்டே விட்டேன். பெரியவரே, இறங்குகிறீர்களா இல்லை டிப்போவரைக்கும் வருகிறீர்களா என்கிறான். வேலைக்காகப் பிடுங்கிய தெருவிளக்கை யாரும் திரும்ப நடவில்லை, இருட்டில் ஆள் வருவதில்லை என்று மூலைத் தையற்கடைக்காரர் பொழுது சாய்ந்ததுமே கடையைச் சாத்திவிடுகிறார். கொசுவுக்குப் பயந்து அம்மா சமையலறை ஜன்னலைத் திறப்பதே இல்லை. தெருவே அங்கே இருக்கிற காவல்காரரைத்தான் திட்டுகிறது, பாவம், திட்டுவதற்கு அவரை விட்டால் வேறு ஆள் இல்லை.

மாடியில் குடியிருக்கிற நர்ஸம்மாவின் சின்ன மகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, நாங்கள் வாயாடி என்று கூப்பிடுவோமே, அவள்தான். மனையைச் சுற்றி அடைத்த தகரத்தில் வரப்போகிற கட்டடத்தின் படம் பெரிதாக இருக்கிறது, அதில் நீலமாக ஒரு நீச்சல் குளம், கரையில் சிரிக்கிற பிள்ளைகள். அதைத் தாண்டும்போதெல்லாம் குளம் எப்போது வரும் என்று வாயாடி கேட்பாள். சீக்கிரம் வரும் என்று நர்ஸம்மாவும் சொல்வார், நானும் சொல்வேன், கேள்வி நின்றால் போதும் என்று ஏதாவது சொல்வதுதானே. நீ போன் பண்ணியதற்கு முதல் நாள் மழை கொட்டித் தீர்த்தது. காற்றில் ஒரு தகரம் பெயர்ந்துவிட்டது, உள்ளே குழி நிறையத் தண்ணீர். மறுநாள் காலையில் வாயாடி பார்த்திருக்கிறாள், அவளுக்குக் குளம் வந்துவிட்டது. வீட்டிலிருந்து ஒரு துண்டையும் தன் பொம்மையையும் எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள்.

பதறாதே அம்மா, பிள்ளை பிழைத்துவிட்டாள். துண்டு மட்டும் கரையில் கிடப்பதைப் பார்த்த காவல்காரர் அப்படியே இறங்கிவிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாதாம், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவளை இழுத்திருக்கிறார், உள்ளங்கை கிழிந்து தொங்கியது. நர்ஸம்மாதான் கட்டுப் போட்டார். வாயாடி அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை, உன் அம்மா தன் முழங்கால் வலியை மறந்து மாடி ஏறி இறங்கினாள். நேற்றுத்தான் வாயாடி பேசினாள். தாத்தா, குளம் ஏன் படத்தில் இருக்கிற மாதிரி இல்லை என்று என்னைக் கேட்டாள்.

உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, வேலையை நிறுத்தியது நீ இல்லை. அழுவதிலும் தப்பில்லை, வேலையில் என் கடைசி நாளன்று டிப்போவில் நானும் முகம் கழுவுகிற சாக்கில் அழுதவன்தான். ஆனால் முன்பு நீ அனுப்பிய போட்டோவை நேற்று எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு அழகாகச் சிரிக்கிறாய், உனக்குப் பின்னால் அங்கேயும் தகரத்தில் இதே மாதிரி ஒரு நீலக் குளம். அங்கேயும் பக்கத்து வீட்டில் ஒரு வாயாடி இருப்பாள் கண்ணு, அவள் பேசுகிற பாஷை நமக்குப் புரியாது, அவ்வளவுதான்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் சந்தோஷமாக இருக்க வேண்டும், போகிற ஊரில் நல்ல வீடாக அமையட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கிளம்புவதற்குள் அங்கே நீங்கள் தோண்டிய குழியை மண் போட்டு மூடச் சொல். கம்பெனி கேட்காவிட்டால் சுற்றிலும் பலகையாவது அடிக்கச் சொல். அதற்கும் ஆள் தரவில்லை என்றால், தகரத்தில் இருக்கிற அந்தக் குளத்தையாவது உன் கையாலேயே கிழித்துப் போட்டுவிட்டுப் போ.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா