மார்கழி வெயில்தானே என்றவன் முகம்

அன்பு மனைவி பூர்ணிமாவுக்கு,

என் முகம் வெயிலில் வெந்து தோல் உரிகிறது. நாலு நாளாக வீடியோ காலை எடுக்காததற்கு அதுதான் காரணம், வேறு கதை கட்டாதே. நீயும் அம்மாவும் நலம்தானே? பயப்பட ஒன்றுமில்லை.

சிம்லா சந்தையில் நம் பீங்கான் விளக்குகளைப் பரப்பிக்கொண்டு, சுற்றிலும் பனி கிடக்கையில் ஏது வெயில் என்று வெறும் முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா திட்டினார். குளிர் குறைப்பது சூட்டைத்தானாம், தோலைச் சுடும் கதிரை அல்ல. பனி அதைத் திருப்பி முகத்திலேயே அடிக்குமாம்.

எனக்குக் கோபம் உன் மேல். கன்னத்தில் கருப்பாகத் திட்டு விழுந்த பிறகும், நம் பட்டறைக் களத்தில் வெயிலில் உட்கார்ந்து, அச்சிலிருந்து எடுத்த விளக்கின் ஓரப் பிசிறைச் சீவிக்கொண்டே, "மார்கழி வெயில்தானே, ஒண்ணும் ஆவாது" என்றாய். ஆனால் அந்தப் பேச்சைக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். நம்மிடம் வேலை செய்யும் தனக்கோடி அக்கா களத்துக்குக் கூரை கேட்டபோது, "வெயிலே இல்லியேக்கா, கூரை எதுக்கு?" என்று சிரித்தேன். சூளையில் சுடாத விளக்கு வெயில் பட்டால் விரிசல் விடும் என்று அதற்கு மட்டும் நிழல் போட்டேன். நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

முகத்தை மூடிக்கொள்ள என் பழைய வேட்டி ஒன்றை அனுப்பு. இங்கே விற்கும் கம்பளி முகத்தில் பட்டால் எரிகிறது. உன்னைப் பார்க்கணும்போல இருக்குது, இந்த முகத்தை எப்படிக் காட்டுவது? நீயும் டாக்டரிடம் போய் க்ரீம் வாங்கு.

கூரியர் ஆள் வந்து நிற்கிறான். கூரை போடும் வேப்பூர் பாவாடை அண்ணனிடம் போனில் பேசி முடித்துவிட்டேன்: களம் முழுக்கத் தகரக் கூரை, நாற்பத்திரண்டாயிரம், பொங்கலுக்குள் வேலை முடியும். அதுவரை பத்திலிருந்து மூன்று மணி வரை யாரும் களத்தில் உட்காரக் கூடாது, கூலி முழுசாக உண்டு.

கொளஞ்சிநாதன்