வெட்டப்பட்ட குரல்

அன்புள்ள ஒடெல்,

புரூக்ளினில் எல்லாரும் நலம். நம் ஹிப்-ஹாப் குழுவின் சிறந்த பாடல்களை இரண்டாவது தடவையாகத் தொகுத்து வெளியிடப் போகிறார்கள். ரெக்கார்டு கம்பெனி ஆள் நேற்றுப் பட்டியலோடு வந்தான். 'மொட்டை மாடி' பாட்டில் இந்த முறையும் உன் குரல் இல்லை.

"ஒடெல் பாடின இடம் எங்கப்பா?" என்று நம் குழுவின் குவாமே எகிறினான்.

"முதல் தொகுப்புலயே வெட்டியாச்சே சார். உங்க ஆளு ஒருத்தர்தான் வெட்டச் சொல்லி எழுதிக் குடுத்தாரு" என்று அவன் பையைத் திறந்து ஒரு பழைய தாளை எடுத்து நீட்டினான்.

அதைப் படித்துவிட்டு குவாமே என்னைப் பார்த்தான்.

முதல் தொகுப்பு வந்த அன்று நீ கம்பெனியோடு சண்டை போட்டுக் குழுவை விட்டே போனாய். "நீயாவது எனக்காகப் பேசினியேடா" என்று என்னைக் கட்டிக்கொண்டாய். இருபது வருடமாக நான் வாய் திறக்கவில்லை.

அந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்து. உன் குரல் வந்ததும் கூட்டம் என்னை மறந்துவிடும், ஒடெல். அதை என்னால் தாங்க முடியவில்லை.

உன் பகுதியைச் சேர்க்காமல் தொகுப்பு வரக் கூடாது என்று நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். குவாமே அதைப் படிக்கக்கூட இல்லை. "ஞாயித்துக்கிழமைக்குள்ள அவன்கிட்ட நீயே சொல்லு. இல்லேன்னா நான் சொல்லுவேன்" என்று எழுந்து போனான்.

இன்று வியாழன். அவன் சொல்லுமுன் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

உன் பக்கத்து மைக்கில் நின்றவன்