பாய்லரைப் பற்றி யாரும் கேட்காத மூன்று வருடம்

சாரம், புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அபிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பாரிஸில் குளிர் குறைந்ததா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இதைப் போனில் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் காகித ஆலையில் போன மாதம் பாய்லர் வெடித்து, என்னோடு வேலை பார்த்த மண்ணாங்கட்டி இறந்துபோய்விட்டார். உனக்கு அம்மை போட்டிருந்தபோது தவளக்குப்பத்திலிருந்து தினமும் வேப்பிலை கொண்டுவந்து கொடுத்தாரே, அவர்தான். நான் பாய்லர் ஹவுஸ் சூப்பர்வைசராக இருந்த காலம் முழுக்க என்னோடு நின்றவர். அவர் ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருந்தது. முகத்தைக் காட்டவே இல்லை, துணி போட்டு மூடித்தான் கொடுத்தார்கள்.

அந்த பாய்லர் குழாய்கள் தேய்ந்துபோனது எனக்குத் தெரியும் அபி. ரிடையர் ஆன பிறகும் என் கையில் கம்பெனி பங்கு இருந்ததால், வருடா வருடம் பங்குதாரர் கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்று, குழாய் கனம் சோதித்தீர்களா, எத்தனை மாற்றினீர்கள் என்று கேட்பேன். நீகூட, அப்பா போனாலே சேர்மனுக்கு வேர்க்கும் என்று சிரிப்பாய். பிடிக்கிறதோ இல்லையோ, அத்தனை பேர் முன்னால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு வருடம் கேட்டதில் பாதிக் குழாயை மாற்றவே செய்தார்கள்.

அப்புறம்தான், நாலு வருடத்துக்கு முன்னால், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் ஒன்று கம்பெனியை வாங்கி, பங்குச் சந்தையிலிருந்தே எடுத்துவிடப் போகிறோம், எல்லோரும் பங்கை எங்களுக்கு விற்றுவிடுங்கள் என்று சந்தை விலையைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்தது. நானும் விற்றேன். அதில்தான் நம் மாடி எழும்பியது. எல்லாம் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படிதான் நடந்தது, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அடுத்த வருடம் பழக்கதோஷத்தில் பாய்லரைப் பற்றி ஒரு கடிதம் போட்டேன். தாங்கள் இப்போது பங்குதாரர் அல்ல, விவரம் தர இயலாது என்று இரண்டு வரி பதில் வந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது, நமக்கென்ன என்று மடித்து வைத்துவிட்டேன். தொழிற்சாலை இன்ஸ்பெக்டரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மண்ணாங்கட்டியின் சம்சாரம் செல்வாம்பாள் வக்கீல் ஹரிகிருஷ்ணனோடு வந்தது. வக்கீல் சொன்னார், சந்தையில் இருந்தவரைக்கும் கம்பெனி சொன்னதெல்லாம் யார் வேண்டுமானாலும் இன்டர்நெட்டில் பார்க்கிற மாதிரி இருக்கிறது, அதற்குப் பிறகு வரவுசெலவுக் கணக்கு மட்டும் அரசாங்கத்தின் கம்பெனிப் பதிவாளரிடம் போகிறது, பாய்லரைப் பற்றி ஒரு வரி இல்லை, உள்ளே என்ன நடந்தது என்று அந்த முதலீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும் என்று. என்னிடமிருந்த பழைய ஆண்டறிக்கைகளையும் அந்த இரண்டு வரிக் கடிதத்தையும் எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது, நான் விற்றிருக்கக் கூடாதும்மா, வருடா வருடம் கேட்டுக்கொண்டே இருந்திருப்பேன் என்றேன். செல்வாம்பாள், “நீங்க மட்டுமா சார் வித்தீங்க, அவருகிட்டயும் பத்து பங்கு இருந்துச்சு, அவருந்தான் வித்தாரு, பொண்ணுக்குத் தோடு வாங்கினோம்”னு சொன்னது. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

வியாழக்கிழமை பாய்லர் வெடித்தது பற்றிய விசாரணைக்குப் போய்ச் சாட்சி சொல்லப் போகிறேன். “நம்ம பொண்ணும் கம்பெனிய வாங்குற அதே மாதிரி ஆபீஸ்லதான வேலை பாக்குது, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு”ன்னு அம்மா அழுகிறாள். உன் வேலையை நான் குறை சொல்லவில்லை கண்ணு. நீங்கள் வாங்கும் கம்பெனிகளின் அறிக்கையை ஐந்தாறு பேர்தான் படிப்பீர்கள் என்று நீயே ஒருமுறை சொன்னாய். அதில் பராமரிப்புச் செலவு குறைந்தது என்று இருந்தால், ஏன் குறைந்தது என்று ஒரு தரம் கேளு. உன் ஆபீஸ்காரர்களுக்கு உன்னைப் பிடிக்காமல் போனாலும் கேளு.

நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும், அதைத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாவுக்கு ஒரு போன் போடு, நான் திரும்பி வரும்வரை அவள் வாசலிலேயே நிற்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
இளஞ்செழியன்