மேட்டுக்குப் பிந்தி வரும் ஆட்டம்

அண்ணே,

இன்றைக்குச் சாயங்காலமும் டி.வி.யில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பந்து வீசுகிறவன் ஓடி வந்தான், கையைத் தூக்கினான், அப்படியே நின்றுவிட்டான். நடுவில் வட்டம் மட்டும் சுற்றுகிறது. என் கை தன்பாட்டில் போனை எடுத்து உன் நம்பரைத் தேடியது. அப்புறம்தான் நினைவு வந்தது. நீ போய்ச் சேர்ந்து, தோட்டத்தில் ஒரு ஏலக்காய் எடுப்பு முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. இந்தக் கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போல.

அலுப்பாக இருக்கிறது அண்ணே. பகலெல்லாம் ஏலத்தோட்டத்தில் குனிந்து காய் எடுத்து, அட்டை கடித்த காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தால், பார்க்கக் கிடைப்பது ஒரு வட்டம். அதோடு உன் மேல் உள்ள கோபமும் இன்னும் தீரவில்லை. உனக்கு நோய் என்று போடியில் உன் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. மலை மேல் இருக்கிற எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது. கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கனெக்சனை வாங்க வைத்தவனே நீதான். கீழே போடியில் உனக்குக் கேபிள் இருந்தது. எனக்கு இங்கே போடிமெட்டுக்கு மேலே மழைக்கும் மூடுபனிக்கும் டிஷ் எடுக்கவில்லை. நெட்டில் மேட்ச் பார்க்கலாம், வாங்கு என்றாய். மரத்துக்கு மரம் தாவி வருகிற வயரில் என்ன வேகம் வரும் என்று நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. முதல் மேட்ச்சிலேயே வட்டம் வந்தது. ஆயுசு முழுக்க மேட்டுக்கு ஜீப்பு ஓட்டின நீ, போனிலேயே மோடத்தை ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தாய்.

“ஏத்தா, எத்தனை லைட்டு எரியுது?”

“எல்லாம் பச்சையா எரியுதுண்ணே. ஒண்ணு மட்டும் செவப்பா மினுக்குது.”

“அப்ப ஆப் பண்ணு. கொஞ்சம் ஆறட்டும். வெரசாப் போட்றாத. ஏத்தத்துல வந்த வண்டில்ல, மூச்சு வாங்கட்டும்.”

ஆறவிட்டுப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நிற்கும். ஒருநாள் நீயே ஜீப்பில் ஏறி வந்துவிட்டாய். வந்து பார்த்தால் மோடம் எங்கே இருக்கிறது? மலையில் நாங்கள் எதைத்தான் சுற்றி வைக்காமல் இருக்கிறோம், தீப்பெட்டி முதல் ரேஷன் கார்டு வரை பாலிதீன் கவருக்குள்தான். ஈரம் ஏறிவிடுமே என்று மோடத்தையும் கவரில் போட்டு, மேலே கம்பளித் துண்டைச் சுற்றி, எலிக்குப் பயந்து தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். வயர் போகிற அளவுக்கு மூடி மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது.

“சளி பிடிக்கும்னு சொட்டர் போட்டு விட்டிருக்கியாக்கும்” என்றாய். அதற்கு மேல் உன்னால் பேச முடியவில்லை. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, உன் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர், ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு மோடத்தை உரித்து எடுத்து டி.வி.க்குப் பக்கத்தில் பலகையடித்து வைத்தாய். அதிலிருந்து டி.வி.க்கு நேராக ஒரு வயர் இழுத்தாய். மேட்ச் நேரத்தில் எங்கள் போன் இரண்டிலும் நெட்டை அணைக்கச் சொன்னாய். படத்தின் தெளிவையும் குறைத்து வைத்தாய். மூஞ்சி மங்கலாகத் தெரிந்தால் என்ன, ஸ்கோர் தெரிந்தால் போதும் என்றாய். அதற்குப் பிறகு வட்டம் வருவது குறைந்தது.

ஆனால் ஆட்டம் பிந்தித்தான் வந்தது. அதை உன்னாலும் சரிசெய்ய முடியவில்லை. கீழே உன் வீட்டில் விழுந்த விக்கெட் மலையேறி என் வீட்டுக்கு வர நேரமாகும். ஒருமுறை போனில் “போயிட்டான்” என்று சொல்லிவிட்டாய், என் டி.வி.யில் அவன் இன்னும் கிளவுஸை மாட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு நான் உன்னை வைத வசவு மதினிக்குக் கேட்டிருக்கும். அதிலிருந்து நீ வாயைத் திறக்கவே மாட்டாய். நானே தாங்காமல் என்ன ஆச்சு என்று கேட்டாலும், “உனக்கு வர்றப்ப வரட்டும்” என்பாய்.

உனக்கு மறைக்கவும் தெரியாது. நல்லது நடந்திருந்தால் குரல் குழையும், சாப்பிட்டியா என்று கேட்பாய். விக்கெட் விழுந்திருந்தால், “அங்க மழை எப்படி?” என்பாய். மழை என்று நீ சொன்னதும் நான் திரையைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்வேன். அந்தக் கடைசி சீசனில் நீ அடிக்கடி மழையைக் கேட்டாய். நம்ம ஆட்கள் நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். வயசாகிறது, பேச்சு தடம் மாறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். மதுரைக்கு அடிக்கடி போவதையும் ஜீப்புச் சாமான் வாங்க என்று சொன்னாய், நம்பினேன்.

மதினி அழைத்து, மதுரை ஆஸ்பத்திரிக்கு உடனே வா என்றபோது எடுத்த காய், சூடு போட்டு உலர்த்துகிற ஸ்டோரில் காய்ந்துகொண்டிருந்தது. போட்டது போட்டபடி கிளம்பினேன். வளைவு வளைவாக ஜீப்பு இறங்க இறங்க, உனக்கு என்ன என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தாய். ஏண்ணே சொல்லல என்று கேட்டேன். “உனக்கு வர்றப்ப வரட்டும்னுதான்” என்றாய், சிரிக்கப் பார்த்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. விக்கெட்டும் இதுவும் ஒன்றா அண்ணே?

இன்றைக்கு நீ சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் செய்தேன். போன்களில் நெட்டை அணைத்தேன், வயரைக் கழற்றி மாட்டினேன், மோடத்தை ஆறவிட்டேன். லைன்மேனைக் கேட்டால், சாயங்காலம் எல்லா வீட்டிலும் பார்க்கிறார்கள், இந்த லைனில் இவ்வளவுதான் வரும் என்கிறார். விட்டுத் தொலை என்று உட்கார்ந்திருந்தபோது மதினி போன் செய்தார்கள். கிரிக்கெட் என்றாலே எழுந்து அடுப்படிக்குப் போகிற மதினி, இப்போது வீட்டில் சத்தம் இல்லாமல் இருக்க முடியவில்லை என்று மேட்ச் போட்டு வைக்கிறார்கள்.

“அவுட்டாயிட்டான் தாயி” என்றார்கள், எடுத்த எடுப்பில்.

“எனக்கு இன்னும் வரல மதினி.”

“உங்க அண்ணன் இருந்தா என்னைய வஞ்சிருப்பாக.”

பிறகு கேட்டேவிட்டேன். “நீங்களாவது எனக்குச் சொல்லியிருக்கலாம்ல மதினி?”

“நான் சொல்லத்தான் பார்த்தேன். அவுக விடல. இங்க வாரவுக போறவுகல்லாம் மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிட்டு, பக்கத்துல வந்து மெதுவாப் பேசுனாக. அவுகளுக்கு அது ஆகல. ‘மேட்டுல ஒருத்திதான் என்னைய இன்னும் வஞ்சுக்கிட்டு இருக்கா, அவளையும் கெடுத்துறாத’ன்னாக.”

போனை வைத்துவிட்டு டி.வி.யைப் பார்த்தேன். படம் நகர்ந்து, அவன் அப்போதுதான் அவுட்டானான். நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

அந்த மாதங்களில் உன்னை எத்தனை தடவை வைதிருப்பேன். காது கேட்கலையா, பேச்சை மாத்தாத, வயசானா வாயை மூடிக்கிட்டு மேட்ச்சைப் பாரு என்றெல்லாம். நீ அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாய். போடியில் எல்லோருக்கும் நீ நோயாளியாகிவிட்ட பிறகும், இங்கே என் வீட்டில் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் இருந்திருக்கிறாய். சொல்லாததற்கான கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, அது போகும் என்று தோன்றவில்லை. ஆனால் ஒன்று அண்ணே, நீ நல்லபடியாக இருந்த அந்த மாதங்கள் வேறு யாரிடமும் இல்லை. என்னிடம்தான் இருக்கின்றன.