தாருக்கு அடியில் இருந்த கல்

செவ்வாய்க்கிழமை, மயிலாப்பூர்.

இன்று வாசலில் இருந்தவர்கள்: நான், என் மகன் சேகர், எதிர்வீட்டு பானு, வார்டு ஆபீஸ் இன்ஜினியர் பெண், கடப்பாரையோடு ஒரு ஆள்.

எங்கள் வாசற்படி தெருவுக்குள் நீட்டியிருக்கிறதென்று யாரோ புகார் எழுதிப் போட்டார்களாம். இடிக்க வந்தார்கள். படி போனால் மழைத் தண்ணீர் நேரே கூடத்துக்குள் வந்துவிடும்.

"படி எங்க எடத்துல தான் கீது. எல்லைக்கல்லு மேல தார் போட்டு மூடிட்டாங்க. கரண்டு கம்பத்துலேர்ந்து மூணு அடி தோண்டிப் பாரும்மா" என்றேன்.

"மேடம், அம்மாவுக்கு வயசாயிடுச்சு. எதனா சொல்லிக்கினு இருக்கும். நீங்க இடிங்க" என்றான் சேகர்.

அவள் அவனைத் திரும்பியே பார்க்கவில்லை. "எந்தப் பக்கம் மூணு அடி, பாட்டி?" என்று என்னைக் கேட்டாள். காட்டினேன். ஒரு சாண் ஆழத்தில் கடப்பாரை ணங்கென்றது. அவளே மண்டிபோட்டு, துப்பட்டா முனையால் கல்லைத் துடைத்து, டேப் வைத்து அளந்தாள். படி கல்லுக்கு இந்தப் பக்கம்தான்.

"நான் தான் தப்பா அளந்துட்டேன், பாட்டி" என்று தெருவே கேட்கச் சொல்லி, இடிக்கச் சொன்ன நோட்டீஸைக் குறுக்கே கோடு போட்டு அடித்துக் கையெழுத்துப் போட்டாள். எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். தப்பை ஒத்துக்கொண்டவள் இவள் ஒருத்திதான். நன்றாக இருக்கட்டும்.

"இன்னா சேகரு, யாருக்கு வயசாச்சு?" என்று பானு சிரித்தாள்.

புகார் எழுதிப் போட்டவன் எவனோ, அவனைக்கூட மன்னித்துவிடுவேன். சேகரை மாட்டேன்.