தாட்சாயிணியின் கடைவாய்ப்பல்

நெமிலிச்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மதிவதனிக்கு நைனா செங்கல்வராயன் எழுதுவது. மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மன் துணை இருக்கட்டும். இங்கே நான் சுகம். உன் மகளும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால்தான் தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம். நீ கூப்பிடும்போதெல்லாம் தாட்சாயிணி என் மடியை விட்டு இறங்குவதில்லை, இறங்கினாலும் எனக்குப் பேச்சு வராது. பக்கத்து வீட்டுக் கிருபாகரன் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

கொஞ்ச நாளாகப் பாப்பா வீடியோவில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பேசினாளே, ஸ்டைலைப் பார் என்று நீ சிரித்தாய். அது ஸ்டைல் இல்லை, வீக்கம். ஆறு வயதில் கடைசியில் முளைத்த பல்லில் கருப்புப் புள்ளி தெரிகிறது என்று உன்னிடம் சொன்னேன், பால் பல்லுதான நைனா, விழுந்து மொளைக்கும் என்றாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். எந்தப் பல்லும் விழாமல் பின்னால் தானாக வந்த பல், அதுதான் நிலையான பல் என்று யார் கண்டார்கள். பள்ளிக்கூட முகாமில் டாக்டரிடம் காட்டச் சொன்னபோதும் அதே நினைப்பில் இருந்துவிட்டேன். வீங்கிக் காய்ச்சல் வந்த பிறகு பூந்தமல்லி பக்கம் பல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆயுசுக்கும் இந்த ஒரு பல்லுதாங்க, எடுத்தா மறுபடி மொளைக்காது, முன்னாடியே வந்திருந்தா அடைச்சுக் காப்பாத்தியிருக்கலாம் என்றார். எடுத்துவிட்டார்கள். ஊசி போட்டபோது பாப்பா அழவில்லை, மதி. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவாண்ட சொல்லாத தாத்தா, அப்பால சாக்லேட் அனுப்பாது என்றாள்.

நீ அனுப்பும் சாக்லேட்டை அவள் பகலில் தொடுவதே இல்லை. படுக்கும்போது ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, அம்மாகூடத் தூங்கறேன் என்பாள். துப்பிவிட்டு வாயைக் கொப்பளி என்றால் அழுவாள், எனக்கும் மனசு வராது. ராத்திரியெல்லாம் அந்த இனிப்பு பல்லில் ஊறியதுதான் வினை என்றார் டாக்டரம்மா. இப்போது காலையும் ராத்திரியும் நானே நின்று பட்டாணி அளவு பேஸ்ட் வைத்துத் தேய்த்துவிடுகிறேன், ராத்திரி தேய்த்த பிறகு தண்ணீர் தவிர ஒன்றும் கிடையாது. மற்ற மூன்று கடைவாய்ப்பல்லிலும் பள்ளத்தை மூடிப் பூச்சு வைத்திருக்கிறார்கள், அவை தப்பிக்கும். சாக்லேட்டுக்குப் பதில் உன் பழைய துப்பட்டாவை எடுத்துக் கொடுத்தேன், அதைக் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாள்.

இதோடு போயிருந்தால் எழுதியே இருக்க மாட்டேன். எடுத்த பல்லைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பால் பல்லுக்கெல்லாம் செய்ததுபோல் சாணியில் உருட்டிக் கூரை ஷீட் மேல் எறியச் சொன்னாள். எறிந்தேன், வேறென்ன செய்ய. ஷீட்டில் விழுந்த சத்தம் கேட்டுக் கை தட்டினாள். பிறகுதான் சொன்னாள், உன் பல்லெல்லாம் மொளைச்சு முடிஞ்சதும் அம்மா வந்துடுவேன் என்று பொங்கலன்று நீ போனில் சொன்னாயாமே. உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. இப்போது எழுந்ததும் கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து அந்த ஓட்டையைத்தான் பார்க்கிறாள். வந்துச்சா தாத்தா என்கிறாள். வரும் என்கிறேன். சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

இன்னும் இரண்டு வருஷத்துக்கு அங்கே கையெழுத்துப் போடப் போவதாகப் போன வாரம் சொன்னாய். மாப்பிள்ளை தவறிப்போன பிறகு நீ யாருக்காக அங்கே கிடக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா. போடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தப் பல் முளைக்காது என்று அவளிடம் சொல்ல என்னால் முடியாது, மதி. அதை நீ நேரில் வந்துதான் சொல்ல வேண்டும்.

நீ நல்லா இருக்கணும் கண்ணு, என் ஆயுசும் சேர்த்து உனக்கு. இனிமேல் பெட்டியில் சாக்லேட் வைக்காதே. நீ போட்டிருக்கும் துப்பட்டா ஒன்றைத் துவைக்காமல் வை. இங்கே இருப்பதில் உன் வாசனை போய்விட்டது என்கிறாள்.

இப்படிக்கு,
உன் நைனா
செங்கல்வராயன்